பக்கத்துக்கு இரண்டு கட்டம்

10-11, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். நேற்றுத் துவைத்தது எதுவும் காயவில்லை. வீடெல்லாம் ஈர வாடை.

பிள்ளைகளின் நல்ல சேதிகளை எழுதி வைக்கிறேன். என் மகன் சேகருக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் முத்து.

யாழினி - பத்தாவதில் 471. கணக்கில் நூற்றுக்கு நூறு. நான் ஐந்தாவதோடு சரி.

கார்த்தி - தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் முடித்துவிட்டான். அப்பன் வேலை செய்யும் அதே இடம்.

சுகந்தி, மூத்தவள் - புனேயில் ஐ.டி. வேலை. இந்த வருஷத்துச் சிறந்த ஊழியர். மேடைக்குக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். குடும்ப குரூப்பில் இன்று போட்டோ. சேகர் லட்டு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தான்.

போட்டோவில் அவள் போட்டிருப்பது நான் தைத்த கட்டம் போட்ட குர்த்தா. பொங்கலுக்கு வந்தபோது தைத்தது. தோள் தையல் எலும்பைத் தாண்டி ஓர் அங்குலம் கீழே. அக்குள் பக்கம் துணி மடிந்து தொங்குகிறது. அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினெட்டு வருஷம் செக்கிங் மேஜை. நான் பாஸ் பண்ணிய பீஸ் திரும்பி வந்ததில்லை. வீட்டுப் பிள்ளைக்கு இப்படியா தைத்தேன்?

கம்பெனியில் தப்பு உள்ள இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, தைத்தவளிடமே திருப்புவோம். போனில் அதே மாதிரி விரலால் அம்பு போட்டேன். தோளுக்கு இரண்டு, அக்குளுக்கு இரண்டு. குரூப்பில் அனுப்பினேன். "தப்பு என்னுது. குர்த்தாவை அனுப்பு, சரி செய்து தருகிறேன்."

கார்த்தி உடனே, "ஆயா, ரிஜெக்ட் பண்ணது துணியயா, அக்காவையா?" என்று போட்டான். ஆளுக்கொரு சிரிப்பு பொம்மை. சுகந்தி ஒன்றும் போடவில்லை.

11-11, செவ்வாய்

மழை. பதினொரு மணி வரை கரண்ட் இல்லை.

பீரோ மேலிருந்து சுகந்தி அளவுக்கு வெட்டிய பிரவுன் பேப்பரை எடுத்தேன். தோள் பதினாலரை. பழைய டேப் இழுபட்டிருக்கும் என்று யாழினியின் புது டேப்பில் அளந்தேன். அதிலும் பதினாலரை. அளவு நோட்டிலும் பதினாலரை.

துணியில் கோளாறா? காட்டன் துவைத்தால் சுருங்கும், பெருகாது.

உடம்பில் போட்டுப் பார்த்துத்தான் விட்டேன். கையைத் தூக்கச் சொன்னேன், உட்காரச் சொன்னேன். ஒரு சுருக்கம் இல்லை. "ஆயா, சூப்பரா கீது" என்று கண்ணாடி முன்னால் சுற்றினாள்.

வெட்டியது சரி, தைத்தது சரி. அப்புறம் எது?

ரசத்துக்கு உப்புப் போட மறந்தேன். மருமகள் செல்வி ஒரு பார்வை பார்த்தாள்.

12-11, புதன்

கண்ணாடி போட்டுக்கொண்டு போட்டோவைப் பெரிதாக்கினேன். சான்றிதழை மார்போடு பிடித்திருக்கிறாள், அங்கே தெரியவில்லை. இடுப்பில் எண்ணினேன். ஒரு கட்டம் அரை அங்குலம். தைக்கும்போது முன்பக்கம் இடுப்பில் முப்பத்துநாலு கட்டம் விட்டேன். பக்கத் தையலில் முன் கட்டமும் பின் கட்டமும் கோடு விலகாமல் சேர்த்திருந்தேன்.

மூன்று தரம் எண்ணினேன். முப்பது.

இந்தப் பக்கம் இரண்டு கட்டம், அந்தப் பக்கம் இரண்டு. யாரோ சைடு பிடித்து அகலத்தைக் குறைத்திருக்கிறார்கள். கோடு சேரவில்லை, நேர்த் தையலும் இல்லை. கைத்தையல். முன்னால் இரண்டு அங்குலம் என்றால் பின்னாலும் அதே. ஆக நாலு அங்குலம். பத்து மாதத்தில் நாலு அங்குலம். சைடை ஊசியால் பிடித்துவிடலாம். தோளைக் குறைக்கக் குர்த்தாவின் கையைப் பிரித்துத் தைக்க வேண்டும், அது பிடித்தவளுக்குத் தெரியாது. அதனால்தான் தோள் தொங்குகிறது.

தப்பு துணியில் இல்லை.

செல்வியிடம் சொன்னேன்.

"அத்தே, இப்போ பொண்ணுங்க எல்லாம் டயட்டுதான். உங்களுக்குத் துணியப் பாத்தாலும் குத்தம், பொண்ணப் பாத்தாலும் குத்தம்."

சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஈரக் கையோடு அவளும் போட்டோவைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறாள்.

13-11, வியாழன்

வெளியே ஒரே சேறு. முட்டி வலி. பால் திரிந்துவிட்டது.

மத்தியானம் சுகந்திக்குப் போன். மூன்றாவது தரம்தான் எடுத்தாள்.

"இன்னா ஆயா, சாப்ட்டியா?"

"நீ சாப்ட்டியா?"

"ம்."

"இன்னா சாப்ட்டே?"

"ஏதோ ஒண்ணு, வுடு ஆயா."

"குர்த்தா சைடு யாருடி புடிச்சது?"

"நான்தான். பெருசா இருந்துச்சு."

"பெருசாவா? உன் மேல போட்டுப் பாத்துத்தானே உட்டேன்?"

"ஆயா, எல்லார் எதுருலயும் எம்மேல அம்பு போட்டியே. ஏன் எளச்சேன்னு ஆபீஸ்ல கேக்குறாங்கோ, ஹாஸ்டல்ல கேக்குறாங்கோ. வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் ராவுல குந்திப் புடிச்சேன்."

"இன்னா கண்ணு உடம்புக்கு?"

"தெரியல. சோறு எறங்கல. ரெண்டு வாய் வச்சா போதும்னு ஆயிடுது. அப்பாகிட்ட சொல்லாத. லட்டுலாம் குடுத்துனு கீறாரு."

வைத்துவிட்டாள். அப்புறம் எடுக்கவில்லை.

ஊசி பிடிக்கத் தெரியாத பிள்ளை. எத்தனை தரம் குத்திக்கொண்டாளோ.

14-11, வெள்ளி

சேகர் சான்றிதழ் போட்டோவைப் பெரிதாக பிரிண்ட் எடுத்து, சட்டம் போட்டு வந்து கூடத்தில் மாட்டினான். "எம்மா, நேரா கீதா பாரு." நேராக இருக்கிறது என்றேன். சுகந்தி போனில் சொன்னதை நேற்றே செல்வியிடம் சொல்லியிருந்தேன். அவன் போனதும் செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். திங்கட்கிழமைக்கு இரண்டு ரயில் டிக்கெட் பார்க்கிறாள், அவளுக்கும் எனக்கும். ராத்திரி சேகரிடம் அவளே சொல்கிறாளாம்.

15-11, சனி

மழை விட்டது. வெயில் வரவில்லை.

சேகர் சட்டத்தைக் கழற்றவில்லை. அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். லட்டு டப்பாவில் நாலு மீதி, யாரும் தொடவில்லை.

சுகந்திக்கு எழுதியது, இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

கண்ணு, அம்பு போட்டது ஆயா தப்பு. துணியைப் பார்த்தேன், உள்ளே இருக்கிற உன்னைப் பார்க்கவில்லை. குரூப்பில் அழித்தாயிற்று. அப்பாவுக்குத் தெரியும், திட்டவில்லை. திங்கட்கிழமை நானும் உன் அம்மாவும் ரயில் ஏறுகிறோம். அதுவரை எனக்கு மனசு ஆறாது. ஒரு புது போட்டோ போடு. எல்லாருக்கும் வேண்டாம், எனக்கு மட்டும். சான்றிதழ் வேண்டாம், துப்பட்டா வேண்டாம், அந்தக் குர்த்தாவும் வேண்டாம். இப்போது உனக்கு எது சரியாக இருக்கிறதோ அதைப் போட்டுக்கொண்டு, கையைத் தொங்கவிட்டு நேராக நில். இன்றைக்கே போடு.