கெட்டித் தண்ணீர்

திருவண்ணாமலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சுதர்சனாவுக்கு அம்மா எழுதுவது. ஜினர் அருளால் அந்த ஓமன் வெயிலில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது வரை உனக்குத் தெரியும். சொல்லாதது ஒன்று இருக்கிறது. போன பௌர்ணமியன்று குடித்த தண்ணீர் நுரையீரலுக்குள் போய் மூச்சுத் திணறிவிட்டது. கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை, நான் இறங்கி வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே முன்னால் ஓடினேன். ஆறு நாள் ஆஸ்பத்திரி. அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற இனியா என்ற பெண், இனிமே வெறும் தண்ணி கூடாதும்மா, தொண்டையில நிக்காம ஓடிடும், இதக் கலந்து கெட்டியா குடுங்கனு ஒரு பவுடர் டப்பா கொடுத்தாள். அதில் சாந்தன் கம் என்று போட்டிருந்தது. எங்கேயோ கேட்ட பெயராக இருந்தது. நீ எண்ணெய்க் கிணற்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொன்னதுதான். பூமிக்குள் வெறும் தண்ணீரை விட்டால் எண்ணெயை விட்டுவிட்டு சந்து பார்த்து ஓடிவிடும், இந்த மாதிரி பாலிமர் கலந்து கெட்டியாக்கி அனுப்பினால்தான் பாறை இடுக்கில் மிச்சமிருக்கிற எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வரும் என்றாயே. அன்றைக்குச் சும்மா தலையாட்டினேன்.

அப்பா அதைத் தொடவே மாட்டேன் என்றார். இது கூழும் இல்ல தண்ணியும் இல்ல, ஒரு வாய் நல்ல தண்ணி குடு தர்மா என்று குழறிக் குழறிக் கெஞ்சினார். மூன்று நாள் துப்பினார். பொழுது சாய்ந்தபின் வாயில் எதுவும் படக்கூடாது என்ற நம் சமண விரதத்தையும் விடமாட்டேன் என்கிறார், எல்லாம் பகலுக்குள் இறங்கியாக வேண்டும். கட்டி தட்டாமல் கலக்கிக் கலக்கி என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. நேற்று ஆத்திரத்தில் ஸ்பூனை வைத்துவிட்டு, உங்க பொண்ணு இதத்தாங்க அங்க மூட்டை மூட்டையா கலக்கறா, அவ கலந்து குடுத்ததுனு நெனச்சுக் குடிங்க என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் வாயைத் திறந்தார். அரை தம்ளர் இறங்கியது, இருமல் இல்லை. துடைத்துவிடும்போது, அவ எப்ப வருவா என்று கேட்டார்.

கிணறுகளில் பாலிமர் விட ஆரம்பித்துவிட்டோம், மூன்று மாதம் நகர முடியாது, இருந்தாலும் வரட்டுமா என்று போன வாரம் நீ கேட்டாய். வேலையைப் பார், நான் சமாளிக்கிறேன் என்றேன். அது பொய், கண்ணு. என்னால் முடியவில்லை. பத்து நாளாவது வா.

வெயிலில் தலையை மூடிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வராது. லீவுக்கு நாளைக்கே எழுதிக் கொடுத்துவிடு.

உன் அம்மா,
தர்மவதி