ஏழு பலகை உயரம்

கோர்லி ஓடைப் பாதை, மொண்டானா
மே 2

அன்பு மகள் மார்னிக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. முதுகு வலிக்கிறது, ஆனால் அது பழைய வலிதான், புதிதாக எதுவும் சேரவில்லை. அம்மாவும் நன்றாக இருக்கிறாள். பக்கவாதத்தில் குழறிப்போன பேச்சு முன்பைவிடத் தெளிவாக வருகிறது. என்னைத் திட்டும்போது இன்னும் தெளிவாக வருகிறது. நீயும் மாப்பிள்ளை கர்ட்டிஸும் அங்கே வெயிலில் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதமும், அதோடு நீ அனுப்பிய ஃபுளோரிடா பராமரிப்பு இல்லத்தின் படங்களும் வந்தன. நல்ல இடம். தோட்டம் இருக்கிறது, கடல் இருக்கிறது, உன் வீட்டிலிருந்து பத்து நிமிடம். ஒரு படுக்கை காலியாகிறது, அம்மாவை அங்கே கொண்டுபோகலாமா என்று ஜூன் முதல் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதோடு, 'மார்ச்சில் நாலு ஞாயிறு நீங்கள் அம்மாவைப் பார்க்கவே போகவில்லையாமே' என்றும் எழுதியிருக்கிறாய். உண்மைதான். இங்கே அம்மா இருக்கும் பராமரிப்பு இல்லத்து நர்ஸ் சொல்லியிருப்பாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

நம் பாதை உனக்குத் தெரியாததல்ல. பனி உருகினால் அந்தக் களிமண் பசையாகிவிடும். இந்த வருஷம் எண்ணெய்க் கிணற்று லாரிகள் வேறு ஓடி, முழங்கால் ஆழத்துக்கு இரண்டு பள்ளம் வெட்டிவிட்டுப் போய்விட்டன. நம் வண்டி அந்தப் பள்ளத்தில் இறங்கினால் வயிறு தரையில் உட்கார்ந்துகொள்ளும், நாலு சக்கரமும் காற்றில் சுற்றும். நாலு ஞாயிறும் தலைசீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். நாலு தடவையும் மாட்டுப் பண்ணைக்காரன் எல்மர் டிராக்டர் கொண்டுவந்து பின்னால் இழுத்துவிட்டான். கடைசித் தடவை அவன், "வெண்டல், அடுத்த வாரம் நீ கிளம்பவே வேணாம், நானே நேரா உன் வீட்டுக்கு வந்து உன்னை இழுத்துட்டுப் போயிடறேன்"னான்.

அதனால் ஸ்பிரிங்கும் டயரும் மாற்றி வண்டியைத் தரையிலிருந்து உயரத் தூக்குவது என்று முடிவு செய்தேன். எத்தனை அங்குலம் என்பதுதான் கேள்வி. நான் செய்த தப்பு, அதைக் காலைக் காப்பிக் கடை மேஜையில் போய்க் கேட்டது. அந்த மேஜையில் ஆளுக்கொரு அங்குலம். ஒருவன் நாலு என்றான். இன்னொருவன், "நாலா? அது பொண்ணுங்க கடைக்குப் போற வண்டிக்கு. ஆறு போடு"ன்னான். எல்மர் காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "ஆறு போட்டா ஆகாசத்துல போலாம், ரோடே தேவையில்ல"ன்னான். எழுபத்தொரு வயதில் நானும் ஆறு என்றேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது நியாயம்தான்.

ஒர்க் ஷாப் வைத்திருக்கும் ரோண்டா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பெரியவரே, இதுல யாரு ஏறப் போறாங்க?" நான், "வேற யாரு, நான்தான்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தாள். நீளமான ஸ்பிரிங், நீளமான ஷாக், முப்பத்தைந்து அங்குல டயர். வெளியே வந்து நின்றபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பத்தொன்பது வயதுப் பையன் மாதிரி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன்.

அந்த ஞாயிறு சேற்றைத் தாண்டி இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். அம்மா வாசலில் சக்கர நாற்காலியில் காத்திருந்தாள். வழக்கம்போல ஆற்றோரம் ஒரு சுற்று, முடிந்தால் வீடுவரை, அதுதான் திட்டம். வண்டியைப் பார்த்தாள். டயரிலிருந்து பார்வையை மேலே கொண்டுபோனாள், இன்னும் மேலே கொண்டுபோனாள். "வெண்டல், இது என்ன வண்டியா, தானியம் கொட்டற கோபுரமா?"ன்னாள்.

இல்லத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. அவளாகக் கால் வைத்து ஏறினால்தான் வெளியே அனுப்புவார்கள். யாரும் தூக்கி ஏற்றக் கூடாது, ஸ்டூலும் கூடாது. வண்டியை நடைபாதை மேட்டை ஒட்டி நிறுத்தினால்கூட, மேட்டிலிருந்து வண்டியின் கால்படி பதினைந்து அங்குலம் உயரம். வலது காலைத் தூக்கினாள், வைக்க முடியவில்லை. இன்னொரு தடவை தூக்கினாள். நர்ஸ், "போதும் ஆர்டிஸம்மா, இன்னிக்கு வேணாம்"னாள். அம்மா கோட்டுப் பொத்தான்களை ஒற்றைக் கையால் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நீ பார்த்ததில்லை.

அன்று திரும்பி வரும்போதுதான் ரோண்டாவின் கேள்வி எனக்குப் புரிந்தது.

அடுத்த ஞாயிறு பின்னால் கொஞ்சம் பலகை போட்டுக்கொண்டு போனேன். வேலி வேலையில் மிச்சமானவை, ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலம் கனம். உடற்பயிற்சி அறையில் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்து ஏறச் சொன்னேன். ஏறினாள். இரண்டு, மூன்று. அந்த அறையில் இருந்த கிழவிகள் எல்லோரும் பந்தயம் பார்ப்பதுபோல உட்கார்ந்துவிட்டார்கள். "என்னை மாட்டுச் சந்தையில எடை போடறியா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினாள். ஏழாவது பலகை வரை ஏறினாள். எட்டாவதில் கால் நடுங்கியது. இறங்கச் சொன்னேன், மாட்டேன் என்றாள். நர்ஸ் சொன்ன பிறகு இறங்கினாள். ஏழு பலகை, பத்தரை அங்குலம். அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ரோண்டாவிடம் போனேன்.

ரோண்டா கையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. காகிதத்தில் கணக்குப் போட்டாள். "ஆறை ரெண்டரை ஆக்கறேன், மூணரை குறையும். டயர் முப்பத்தஞ்ச முப்பத்திமூணு ஆக்கினா இன்னும் ஒண்ணு. மொத்தம் நாலரை. பதினஞ்சுல நாலரை போனா பத்தரை. பெரியவரே, ஒரு நூல் கூட மிச்சமில்ல, தெரியுதா?" அப்புறம் என்னை வண்டிக்கு அடியில் படுக்க வைத்து ஒன்றைக் காட்டினாள். பின் அச்சின் நடுவில் பூசணிக்காய்போல ஒரு உருண்டை இருக்கிறதே, பள்ளத்தின் நடு மேட்டில் முதலில் இடிப்பது அதுதான். ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் அது இருந்த இடத்தில்தான் தொங்கும், டயர் பெரிசானால் மட்டும்தான் அது உயரும். "நீங்க ஆறு அங்குலம் தூக்கினது உங்க வண்டிய இல்ல, உங்க மூக்கத்தான்"னாள். காப்பிக் கடையில் இதை யாரும் சொல்லவில்லை. அங்கே பூசணிக்காய் இருந்தது மேஜையைச் சுற்றி, எங்கள் கழுத்துக்கு மேலேதான்.

தூக்கின வண்டியை இறக்கினவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான். எல்மர், "என்ன வெண்டல், வண்டிக்கும் வயசாயிடுச்சா?"ன்னு கேட்டான். கேட்கட்டும்.

ரெண்டரை அங்குலத்தில் மதியச் சேற்றைத் தாண்ட முடியாது. விடிகாலையில் மண் உறைந்திருக்கும்போது போய்விடலாம், திரும்புவது ராத்திரி மண் மறுபடி உறைந்த பிறகுதான். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தரைக்கே கிளம்பி, ஆறரைக்கு இல்லத்து வாசலில் நிற்கிறேன். பத்து மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். அதுவரை வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன். ரேடியோவில் மாட்டு விலை சொல்வார்கள், நமக்கு மாடு இல்லாவிட்டாலும் கேட்பேன். அம்மாவின் ஜன்னல் மூன்றாவது. ஏழரைக்குத் திரைச்சீலை திறக்கும். அவள் கை அசைப்பாள், நான் விளக்கை ஒரு தடவை போட்டு அணைப்பேன். பிறகு அவளும் நானும் அவரவர் இடத்தில் இரண்டரை மணி நேரம் இருப்போம். வாரத்தில் மற்ற ஆறு நாளைவிட அது பரவாயில்லை. வீட்டில் நான் கை அசைத்தால் பார்க்க யாருமில்லை.

போன வாரம் முழுக்கக் காற்று அடித்துப் பாதை காய்ந்திருந்தது. அம்மா ஏறினாள். கைப்பிடியைப் பிடித்து, காலை வைத்து, "தள்ளாதே, தள்ளினே கடிப்பேன்" என்று சொல்லி, ஏறியே விட்டாள். அக்டோபருக்குப் பிறகு முதல் தடவையாக வீட்டுக்கு வந்தாள். முற்றத்தில் இறங்க அதே பலகைகளை வைத்து ஒரு மேடை கட்டி வைத்திருந்தேன், அதைக் குறை சொல்லிக்கொண்டே இறங்கினாள். சமையலறையைப் பார்த்தாள். ஒரு தட்டு, ஒரு கோப்பை. நான் படுக்கையில் படுக்காமல் நாற்காலியில் தூங்குவதை, அதன் கையில் கிடந்த போர்வையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். அந்தப் போர்வையை ஒற்றைக் கையால் மடித்து வைத்தாள்.

மேஜைமேல் உன் கடிதம் இருந்தது. ஒளித்து வைத்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். அவளிடம் ஃபுளோரிடாவைப் பற்றி அதுவரை நான் வாயே திறக்கவில்லை, மார்னி. அது என் தப்பு, உன் தப்பில்லை. நான் சூப் சூடு பண்ணிக்கொண்டிருந்தபோது அவளே முழுக்கப் படித்துவிட்டாள். படங்களையும் பார்த்தாள். மடித்து உறைக்குள் போட்டாள். "உப்பு கம்மி"ன்னாள், சூப்பை.

திரும்பும்போது பாதி வழியில்தான் பேசினாள். "கடல் நல்லாத்தான் இருக்கு"ன்னாள். நான் ஆமாம் என்றேன். ஊர் எல்லை வந்ததும், "அங்க நீ எப்படி வருவே?"ன்னாள்.

இரண்டாயிரத்து நானூறு மைல். உன் வீட்டில் எனக்கும் ஓர் அறை உண்டு என்று நீ எழுதியிருந்தாய், உன் மனசு பெரிசு. ஆனால் நான் இந்த வீட்டை விட்டு எங்கே போனாலும் தண்ணீரில் இருந்து எடுத்த மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருப்பேன், கர்ட்டிஸுக்குத் தொந்தரவு. இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. "பார்ப்போம்" என்று மட்டும் சொன்னேன். ஐம்பது வருஷமாகத் தெரியாத கேள்விக்கெல்லாம் நான் சொல்லும் பதில் அது, அவளுக்கும் அது தெரியும்.

அந்தப் படுக்கையை விட்டுவிடு என்று நான் உன்னிடம் சொல்லப்போவதில்லை. நீ அவள் மகள். வெயிலும் தோட்டமும் அவள் காலுக்கு நல்லதாக இருக்கலாம். எனக்காக யோசித்தால் நான் நேர்மையாக யோசிக்க மாட்டேன். உன்னிடம் கேட்பது ஒன்றுதான். என்னைக் கேட்காதே, அவளைக் கேள். ஜூன் மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, பதினோரு மணிக்கு அவள் அறைக்குப் போன் பண்ணு. அவசரப்படுத்தாதே, வார்த்தை வர நேரமாகும், வரும்வரை பொறு. நான் பக்கத்தில் இருந்தால் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். அதனால் நீ பேசி முடிக்கும்வரை நான் வெளியே வண்டியில் உட்கார்ந்திருப்பேன். அவள் என்ன சொல்கிறாளோ அதன்படி செய். போவதாகச் சொன்னால், விமானத்துக்கு நானே கொண்டுவந்து ஏற்றுகிறேன்.

கடவுள் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும், மகளே. போன் பண்ணும் ஞாயிறு எது என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிடு. அன்றைக்கு மட்டும் ரேடியோ போடாமல் இருக்கிறேன்.

உன் அப்பா,
வெண்டல் ஹாகன்