நூற்றெண்பது டிக்

மார்ச் 4

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது.

இதையெல்லாம் நான் அன்றைக்கே சொன்னேன். உன் அப்பா முதல் முறை இருமியபோதே, அண்ணே இது டிபி என்றவன் நான். டாக்டருக்கு எக்ஸ்ரே தேவைப்பட்டது, எனக்குக் காது போதும். இருபது வருஷமாக ஆஸ்பத்திரி லிஃப்ட் ஓட்டுகிறேன். பாதி வைத்தியம் லிஃப்டுக்குள்தான் நடக்கிறது.

குணமானாலும் ஒரு வருஷத்தில் திரும்பி வரும் என்றும் சொன்னேன், யார் கேட்டார்கள்? கிருமி என்பது காலி செய்த வீட்டுச் சாவியைத் திருப்பித் தராத குடித்தனக்காரன். சொன்னபடியே வந்தது, அண்ணன் போய் நாற்பது நாளாகிறது. ஆனால் என் கடமையில் குறை கிடையாது. மாத்திரை விழுங்குவதைக் கண்ணால் பார்த்து அட்டையில் டிக் போட நர்சம்மா என்னைத்தானே வைத்தார்? ஆறு மாசம், நூற்றெண்பது நாள், நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில்கூடப் பார்த்தேன். இப்படி ஒரு ஆளைத் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்றார் அவர்.

கடைசி மாசமெல்லாம் நீதான் அவன் பக்கத்திலேயே இருந்தாய். உடம்பைப் பார்த்துக்கொள். முட்டை சாப்பிடு.

உன் சித்தப்பா


மார்ச் 29

அன்புள்ள சித்தப்பா,

முட்டை சாப்பிடுகிறேன். எனக்கும் வந்துவிட்டது. சளியில் கிருமி இருக்கிறது. அப்பாவிடமிருந்துதான்.

டாக்டர் அப்பாவின் அட்டையைப் பார்த்தார். ஒரு நாளும் விடுபடவில்லை, அதனால் இந்த மாத்திரைக்கு அடங்குகிற கிருமிதான் என்று எனக்கும் அதையே கொடுத்திருக்கிறார். எந்த மருந்து கேட்கும் என்ற சோதனை முடிவு வர இரண்டு மாதமாகும். அப்பா விட்டு விட்டு விழுங்கியிருந்தால் கதை வேறாம். சாகாமல் தப்பிய கிருமிகள் பெருகியிருக்கும், அவற்றை இந்த மாத்திரை ஒன்றும் செய்யாதாம். இரண்டு வாரமாகிறது, காய்ச்சல் இறங்கவில்லை. குழந்தையை நாத்தனார் வீட்டில் விட்டிருக்கிறேன். அவளுக்கு இரண்டு வயது, ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். முதல் நாளே எனக்குச் சிறுநீர் சிவந்துவிட்டது. இந்த மாத்திரை போட்டால் எல்லோருக்கும் அப்படித்தானாம். அப்பாவுக்கு ஆறு மாதமும் அப்படி இருந்ததா? கோபித்துக்கொண்டு கேட்கவில்லை.

உங்கள் மகள்


ஏப்ரல் 3

மகளே,

பயப்படாதே. சிவப்பென்றால் சாதாரணச் சிவப்பா? பீட்ரூட் சாறு கெட்டது போ. கடைசி நாள்வரை அப்படித்தான். நான் சாட்சி. டாக்டரிடம் தைரியமாகச் சொல். நீ தேறிவிடுவாய், இதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

சித்தப்பா


ஏப்ரல் 5

மகளே,

இதை உன் அப்பா வேலை பார்த்த பஸ் டிப்போ டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். தபால் தாமதமாகும். நேரில் வந்தால் உன் முகத்தைப் பார்த்து மறுபடியும் அளந்துவிடுவேன்.

முதல் இரண்டு மாசம் நான் தினமும் வந்து கொடுத்தது நிஜம். மூன்றாம் மாசம் அண்ணனுக்கு இருமல் நின்றது, சதை போட்டது. என் கைராசி, குணப்படுத்திவிட்டேன் என்று தெருவெல்லாம் சொன்னேன். மாத்திரை அவனுக்குக் குமட்டும். ஒரு நாள் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும்போதே பயணி மடியில் வாந்தி எடுத்துவிட்டான். சாயங்காலம் வந்து என்னிடம் கேட்டான்: "குணமாயிடுச்சுன்னு நீதானேடா ஊரெல்லாம் சொல்லிட்டிருக்க. அப்புறம் எதுக்குடா மாத்திரை?"

இல்லை, இன்னும் குணமாகவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதன்பிறகு அவனுக்கு லீவு நாளில் மட்டும் மாத்திரை. நர்சம்மா வருவதற்கு முந்தின நாள் மாசம் பூராவுக்கும் உட்கார்ந்து டிக் போட்டேன், இரண்டு பேனாவை மாற்றி மாற்றி. நாக்கைத் தூக்கச் சொன்னதும் கிடையாது.

அட்டையைக் கிழித்துப் போடச் சொல் உன் டாக்டரை. வேறு மருந்து இன்றைக்கே ஆரம்பிக்கச் சொல். நான் எதையும் முன்கூட்டிச் சொன்னவன் இல்லையம்மா.

அந்தச் சிவப்பு நான் கட்டிய கதை. அப்படி ஒரு நிறம் வரும் என்பதே உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும்.