அத்தைக்குப் போன போட்டோ

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதறேன். நானும் அப்பாவும் உடம்பளவுல நல்லாத்தான் இருக்கோம், நீயும் அங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருப்பேன்னு நினைக்கிறேன். போன்ல பேசினா கத்திடுவேன், இல்லாட்டி அழுதுடுவேன், அதான் பேனாவை எடுத்தேன், நாளைக்கே உன் கைக்கு வர்ற மாதிரி கூரியர்ல போடறேன்.

எங்க மருந்து ஆராய்ச்சி லேபுக்காக நான் பால்கனியில வளர்க்கிற செடி கொஞ்ச நாளா மொட்டையா நின்னுச்சு. புழுதான் தின்னுதுன்னு நினைச்சு, பூச்சி மருந்து அடிக்கப் போறேன், ஜன்னலைச் சாத்துங்கன்னு குரல் கொடுத்தேன். குளிச்சிட்டிருந்த உங்கப்பா துண்டோட ஓடி வந்து, ஐயோ அடிக்காதே, அக்கா அதைத்தான் அரைச்சுக் குடிக்கிறாங்கன்னு என் கையைப் பிடிச்சார். எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் ஒவ்வொண்ணா வெளியே வந்துச்சு. காலையில வாக்கிங் போறேன்னு போனவர் இலையைக் கிள்ளிக்கிட்டு அத்தை வீட்டுக்குத்தான் போயிருக்கார். மனுஷன் இப்பவாவது உடம்பைப் பார்த்துக்கறாரேன்னு நான் வேற பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன்! அத்தை புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரியில மருந்து ஏத்திக்கப் போறதையே நிறுத்திட்டாங்களாம்.

அத்தை வீட்டுக்கு ஓடினேன். அத்தை சிரிச்சுக்கிட்டே போனை நீட்டினாங்க. இலையில வீரியம் இருக்கான்னு நாங்க சோதிக்கிற ஊதாத் தண்ணி, இந்தச் செடியோட சாறு பட்டு மஞ்சளா மாறின போட்டோ, பக்கத்துல புற்றுநோய் செல் செத்துக் கிடக்கிற தட்டு. சந்தோஷம் தாங்காம உனக்கு மட்டும் நான் அனுப்பினதுடி அது. கீழே உன் எழுத்து, அம்மா மருந்து கண்டுபிடிச்சிட்டாங்க அத்தை, இனிமே கவலையே வேண்டாம்னு. அம்மாகிட்ட சொன்னா திட்டுவாங்க, சொல்லாதீங்கன்னு அப்பாகிட்டயும் நீதான் சொன்னியாமே. ஒரே வீட்டுல இருக்கிற அவரும், என் வயித்துல பிறந்த நீயும் சேர்ந்து என் முதுகுக்குப் பின்னால இப்படிப் பண்ணியிருக்கீங்க.

அடுத்த வாரமே நோயில்லாத நல்ல செல்லுலயும் அந்தச் சாறை விட்டுப் பார்த்தோம், அதுவும் செத்துப் போச்சு, இது உடம்புக்குள்ள போகக் கூடாதுன்னு உனக்கு எழுதினேனே? ஓ அப்படியான்னு பதில் போட்டே. அதை மட்டும் ஏன் அத்தைக்கு அனுப்பல? தட்டுல இருக்கிற செல்லு உப்பை அள்ளிக் கொட்டினாக்கூடச் சாகும், அதுக்காக உப்பு மருந்தாயிடுமா? நீ ஆசையிலதான் அனுப்பினே, தெரியும். தெரிஞ்சும் ஆறல.

நான் சொன்னா அத்தை நம்பறதா இல்ல. வெளியே சொல்லக் கூடாதுன்னு உங்க ஆபீசுல வாயைக் கட்டிட்டாங்க, எனக்குப் புரியுது போன்னு என் கையைத் தட்டிக் கொடுக்கறாங்க. என் வேலை மேல அவ்வளவு நம்பிக்கை, என் பேச்சு மேல இல்ல. டாக்டர்கிட்ட நானே போய்ப் பேசினேன், இந்த வாரம் வந்தா விட்ட இடத்துலேர்ந்து தொடங்கலாம், தள்ளிப் போட்டா என் கையில இல்லம்மான்னுட்டார். அதனால நீ பேசு. நீ அனுப்பினது தப்புன்னு உன் வாயால சொல்லு. அழுவாங்க, அழட்டும். அப்பா ஆட்டோவோட வாசல்ல நிப்பார், அந்த மட்டுக்கும் அவரை வழிக்குக் கொண்டு வந்துட்டேன். செடியை வேரோட பிடுங்கி எறிஞ்சாச்சு.

குளிர்ல காதைக் கட்டிக்கோ, ராத்திரி ரொம்ப நேரம் கண் முழிக்காதே. இன்னிக்கு லேபுல வேற ஒரு இலை, அழகா மஞ்சளாச்சு. பழக்க தோஷத்துல போட்டோ எடுத்துட்டேன். உன் பேர் வரைக்கும் விரல் போச்சு. அப்புறம் அழிச்சிட்டேன்.

எங்க இருந்தாலும் நோய் நொடி இல்லாம நல்லா இரு. இதைப் படிச்சதும் முதல்ல அத்தைக்குப் போன் பண்ணு. அவங்க ஆட்டோவுல ஏறின பிறகு எனக்குப் பண்ணு, அதுக்கு முன்னாடி வேண்டாம்.

இப்படிக்கு,
உன் மேல கோபமா இருக்கிற
அம்மா