வியாழக்கிழமை வேலை

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நீ நலம் என்று எழுதினால் நான் நம்பமாட்டேன், அதனால் இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிட்டு எழுந்து நடமாடுகிறோம் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் விஷயத்துக்கு வரும்போதெல்லாம் உனக்கு டவர் போய்விடுகிறது, கிளாஸ் வந்துவிடுகிறது, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். உன்னைப் பெற்றவள் நான், எனக்குத் தெரியாதா. காகிதத்துக்கு டவர் வேண்டாம். உட்கார்ந்து முழுக்கப் படி.

இங்கே எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. அப்பாவின் டூல்ஸ் பை கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. உன் சித்தப்பா இதற்குள் இரண்டு தடவை வந்துவிட்டார், டீயைக் குடித்துக்கொண்டே கண்ணெல்லாம் பைமேல்தான், "சும்மாத்தானே தொங்குது அண்ணி, துரு புடிச்சிடும், நான் வேணா எடுத்துட்டுப் போயி எண்ணெய் போட்டு வைக்கவா" என்கிறார். அண்ணன் ஊர் ஃபிரிட்ஜையெல்லாம் ரிப்பேருக்குத் தூக்கித் தூக்கி முதுகு ஒடிந்தபோது ஒரு ஸ்பேனரைக்கூட எடுத்துக் கொடுக்காதவர். பாப்பா வரட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்பா தவறின அன்றைக்கும் அவர்தான், உனக்குப் பரீட்சை, டிக்கெட்டும் கிடைக்கவில்லை, எல்லாம் முடிந்தபிறகு வந்து என்ன பார்க்கப்போகிறாள் என்று உன்னை வர வேண்டாம் என்றார், நீயும் போனில் பார்த்ததோடு சரி. அம்மா இப்படிச் சந்தேகப் பிராணி ஆகிவிட்டாளே என்று நினைப்பாய். ஆமாம், ஆகிவிட்டேன். அப்பா இருந்தவரை சந்தேகப்படுகிற வேலையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டார், கரண்டு பில்லிலிருந்து காய்கறிக்காரன் தராசுவரை. நான் எல்லாரையும் நம்பிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். இப்போது அந்த வேலையும் என் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

உன் வேலைக்கு வருகிறேன். முதலில் கேண்டீனில் மேசை துடைத்தாய், பிறகு லைப்ரரியில் புத்தகம் அடுக்கினாய். படிக்கிற பிள்ளைகளுக்குக் காலேஜே கொடுக்கிற பகுதி நேர வேலைதான், வாரத்தில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் செய்யக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, படிப்பு கெடாது என்று நீதான் எனக்குப் பாடம் எடுத்தாய். லைப்ரரி வேலை கிடைத்தபோது அப்பா போன வீட்டிலெல்லாம் ஃபிரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால் அதைத்தான் சொன்னாராம், ஏதோ அந்த லைப்ரரியையே உன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்ட மாதிரி. நிழலில் இருக்கிற வேலை, சத்தம் கிடையாது, அதட்டுகிற ஆள் கிடையாது. அதை ஏன் விட்டாய்? அதுவும் அப்பா போன இரண்டாம் மாதமே விட்டாய். கேட்டால், "அங்க ஆள் அதிகமாயிடுச்சும்மா, இப்ப மெடிக்கல் காலேஜ் பக்கம் ஒரு வேலை, சும்மா உக்காந்திருக்கணும், அவ்வளவுதான்" என்றாய். சும்மா உட்காருவதற்கு எந்த ஊரில் சம்பளம் கொடுக்கிறார்கள் பாப்பா? அதிலிருந்து உன்னைக் கவனிக்க ஆரம்பித்தேன். மற்ற நாளெல்லாம் நன்றாகப் பேசுகிறாய். வியாழக்கிழமை ஆனால் தொண்டை கட்டிக்கொள்கிறது, மூக்கு சிவந்திருக்கிறது. கேட்டால் ஜலதோஷம் என்கிறாய். எந்த ஊர் ஜலதோஷம் கிழமை பார்த்து வரும்?

லாண்டரியில் என்னோடு பெட்ஷீட் மடிக்கிற ரேடியோ அக்காவை உனக்குத் தெரியும். மெஷினிலிருந்து சூடாக வருகிற ஷீட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு முனை அவள், இந்தப் பக்கம் இரண்டு முனை நான், ஒவ்வொரு மடிப்புக்கும் முகத்துக்கு முகம் வந்துதான் ஆக வேண்டும், அவளிடம் எதையும் மறைக்க முடியாது. அவள் முதலில் பையன் விவகாரம் என்றாள். அது எந்தப் பையன்க்கா வியாழக்கிழமை மட்டும் சண்டை போடுவான் என்று அதை நானே தள்ளிவிட்டேன். அப்புறம் ஒருநாள், "மெடிக்கல் காலேஜ்னா மருந்து ஏத்திப் பாப்பாங்களாம்டி, எலிக்குப் பதிலா படிக்கிற புள்ளைங்களுக்குக் காசு குடுத்து ஊசி போடுவாங்களாம், சும்மா உக்காருன்னா வேற என்னாங்கிற" என்றாள். என் கையிலிருந்து முனை நழுவி ஷீட் தரையில் விழுந்தது, அதைத் திரும்பத் துவைக்கணும் என்று சூப்பர்வைசர் கத்தினது தெருவரை கேட்டிருக்கும். அன்றைக்குத்தான் உன்னை வீடியோவில் வரவழைத்து, இரண்டு கையையும் காட்டு, முழங்கை உள்பக்கத்தைக் காட்டு, வெளிச்சத்தில் காட்டு என்று படுத்தியெடுத்தேன். நீ சிரித்துக்கொண்டே காட்டினாய். காட்டிக்கொண்டிருந்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஊசியெல்லாம் இல்லம்மா. டாக்டருக்குப் படிக்கிறவங்க கெட்ட சேதி சொல்லிப் பழகணும். நான் செத்துப்போனவரோட வீட்டு ஆளா நடிக்கணும். அவங்க வந்து சொல்லுவாங்க, நான் அழணும்" என்றாய். உடனே யாரோ கதவைத் தட்டிவிட்டார்கள்.

முதலில் நம்பவில்லை. அப்புறம், பொய் சொல்கிறவளாக இருந்தால் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பாள் என்று நம்பினேன். ரேடியோ அக்காவிடம் சொன்னால், "அழுறதுக்குச் சம்பளமா? அப்படின்னா மாமியார் வீட்டுல நான் அழுததுக்கு மூணு மாடி கட்டியிருப்பேனே" என்று சிரித்தாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஷீட்டை எடுத்தாள். மறுநாள் நீ போனில் பதிந்து அனுப்பிய பேச்சைப் போட்டுப் போட்டுக் கேட்டேன். சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வாத்தியார். ஒரு பையன் வந்து சொல்லிவிட்டுப் போவான், நீ அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் அடுத்தவன் வருவான். யார் பக்குவமாகச் சொன்னான் என்று நீயே மார்க் போட வேண்டுமாம். அழுதவளே மார்க்கும் போடுவதா, நல்ல பள்ளிக்கூடம்.

அதில் நீ சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அங்கே செத்துப்போகிறவர் உனக்கு யார்? புருஷனா, அண்ணனா, அப்பாவா? அவர்கள் சொல்லிக் கொடுக்கிறார்களா, இல்லை நீயாக ஆளை வைத்துக்கொள்கிறாயா? என் மனசுக்குப் படுவதைச் சொல்கிறேன். ஆள் அதிகமாகி உன்னை யாரும் அனுப்பவில்லை. நீயாகத்தான் தேடிப்போய் அந்த வேலையைக் கேட்டிருக்கிறாய். அப்பா போன அன்று போனில் உன் முகத்தைப் பார்த்தேன், துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அன்றும் அழவில்லை, அப்புறமும் என்னிடம் அழவில்லை. சாப்பிட்டியா, தூங்கினியா, மாத்திரை போட்டியா என்று நர்ஸ் மாதிரி கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். பெற்றவளிடம் அழாதவள் முன்பின் தெரியாத பையனிடம் வாராவாரம் போய் அழுகிறாளே என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். உன் அப்பாவைக் கொண்டுபோய் அங்கே வேலைக்கு வைத்துவிட்டாய் என்றுகூடத் தோன்றியது.

ஆத்திரம் அடங்கினபிறகு என் கதையை யோசித்தேன். அதை நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அன்று ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து என்னை எல்லாரும் "பதினாலாம் பெட்டு ஆளு யாரு, பதினாலாம் பெட்டு ஆளு எங்க போச்சு" என்றுதான் கூப்பிட்டார்கள். மருந்து வாங்கவும் அப்படித்தான், கையெழுத்துப் போடவும் அப்படித்தான். சாயங்காலம் ஒரு சின்ன டாக்டர், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும், கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "அம்மா, கொஞ்சம் உக்காருங்க" என்றான். அம்மா என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குமேல் அவன் சொன்னது ஒன்றும் எனக்குத் தேவைப்படவில்லை. நான் அழவில்லை பாப்பா. அவருக்கு ஆறு மணி மாத்திரை கொடுத்தாச்சா தம்பி என்று கேட்டேன். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து அவன் மறுபடி முதலிலிருந்து சொன்னான். நான் மறுபடி மாத்திரையைத்தான் கேட்டேன். அவன் வாட்சைப் பார்த்துக்கொண்டு போய்விட்டான். உங்கள் காலேஜ் நாற்காலியில் என்னை உட்கார வைத்திருந்தால் முதல் நாளே உனக்கு அழ வரவில்லை போ என்று அனுப்பியிருப்பார்கள். அதனால் சொல்கிறேன், ஒரு தடவை நீயும் அழாமல் உட்கார்ந்து பார். மாத்திரை கொடுத்தாச்சா என்று கேள். அந்தப் பையன் வாயை மூடிக்கொண்டு உன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தானானால் அவனுக்கு முழு மார்க் போடு. என் பக்கத்தில் அன்று யாரும் உட்காரவில்லை.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். அடுத்த மாதம் உங்களுக்குப் பெரிய லீவு. வர முடியாது, வியாழக்கிழமை வேலை இருக்கிறது என்றாய். காலேஜை மூடிவிட்டு, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் அவரவர் வீட்டுக்குப் போனபிறகு உன்னிடம் யார் வந்து சாவுச் சேதி சொல்வார்கள்? எதிர் நாற்காலியா சொல்லும்? லாண்டரிக்காரிக்கு லீவைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துவிட்டாயா? ஊரில் லீவு விட்டால் ஹோட்டல் ஷீட்டெல்லாம் எங்களிடம்தான் மலையாகக் குவியும், எனக்குத் தெரியாத லீவு கிடையாது. நீ வராததற்குக் காரணம் வேலை இல்லை. நீ இந்த வீட்டுக்குள் கால் வைக்காதவரை அப்பா எங்கேயோ யார் வீட்டிலோ ஃபிரிட்ஜைக் கழற்றிப் போட்டுக்கொண்டு வேலையாக இருக்கிறார். அங்கே நீ எத்தனை தடவை அழுதாலும் செத்துப்போனது வேறு யாரோ. இங்கே வந்தால்தான் அது அவர். அதற்குப் பயந்துகொண்டுதான் லீவில்கூட வேலை என்கிறாய். இது என் சந்தேகம், தப்பாக இருந்தால் என்னைத் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

எனக்கு மட்டும் என்ன, வேலை முடிந்து வந்தால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறேன். பக்கத்து வீட்டுக்காரி நான் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்து டார்ச் எடுத்துக்கொண்டு வந்தாள். உன்னை அதட்டி வரவழைக்க மாட்டேன். வந்தால் அழு என்றும் சொல்லமாட்டேன், அழாதே என்றும் சொல்லமாட்டேன். வர முடியாது என்றால் வேலை, பரீட்சை எதையும் காரணமாக எழுதாதே. பயமா இருக்கும்மா என்று ஒரு வரி எழுது. அதற்குமேல் துருவிக் கேட்கமாட்டேன். சூப்பர்வைசர் காலில் விழுந்தாவது லீவு வாங்கிக்கொண்டு நானே கிளம்பி வந்து, உன்னைக் கூட்டிக்கொண்டு திரும்புகிறேன். கதவை இரண்டு பேருமாகத் திறக்கலாம்.

நீ நன்றாகப் படித்து, உடம்பும் மனசும் கெடாமல், நல்ல மனிதர்கள் நடுவில் நீடூழி வாழ வேண்டும், அப்பாவின் ஆசியும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வியாழக்கிழமைகளில் அழுதுவிட்டு வெறும் வயிற்றோடு படுக்காதே, சூடாக ஏதாவது குடித்துவிட்டுப் படு.

இப்படிக்கு,
உன் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்
அம்மா