கபாலி ஊற்றிய பால்

11.11.2003, செவ்வாய்

விடாத மழை. செங்கல்பட்டு ஆபீசில் ஒழுகாத மேஜை என்னுடையது ஒன்றுதான். அரை நாள் லீவு. கபாலியோடு திருக்கழுக்குன்றம் போய் ஏழுமலையைப் பார்த்தேன். மூன்று பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

தொண்டையில் புற்று. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாப்பாடெல்லாம் மூக்குக் குழாயில். பேச்சு போயிற்று, புத்தி மட்டும் தெளிவு. வலியில் கடித்துக் கடித்துத் தலையணை உறை கிழிந்திருக்கிறது.

ஏழுமலையின் சம்சாரம் கடைக்குப் போயிருந்ததால், கட்டு மாற்ற வந்த நர்ஸ் எங்கள் இருவரையும் நிறுத்திச் சொன்னாள். "வாய் வழியா ஒரு சொட்டுத் தண்ணிகூட குடுத்துடாதீங்க. நுரையீரல்ல எறங்கிடும்."

கிளம்பும்போது ஏழுமலை எங்களைப் பார்த்துக் கும்பிட்டான். கழுத்தைத் தொட்டு, விரலை மேலே காட்டினான். எனக்குப் புரிந்தது. மதுராந்தகம் ஏரி நிரம்பப் போகிறதாம் என்று உளறினேன். கபாலி அந்தக் கையை விடவே இல்லை.

குடை ரிப்பேர். கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும்.

12, புதன்

ஏழுமலை போய்விட்டான். காலையில் கபாலி போன். "முடிஞ்சிடுச்சு மச்சான்." குரலில் அழுகையே இல்லை.

மழையிலேயே அடக்கம். செருப்பு சேற்றோடு போயிற்று.

13, வியாழன்

இடுகாட்டில் பால் தெளித்துவிட்டுத் திரும்பினோம். வாசலில் ஏழுமலை சம்சாரம் கோவிந்தம்மாள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கபாலி அண்ணாத்ததான் ராத்திரி திரும்பி வந்து கடைசிப் பால் ஊத்திச்சு. இவுரு கண்ணாலயே கேட்டுகினு கெடந்தாரு. ஒரு டம்ளர் முழுக்க. நான் அடுப்பாண்ட போய் வர்றதுக்குள்ள நிம்மதியா போய்ட்டாரு."

ஒரு டம்ளர் முழுக்க!

மூச்சு இழுத்துக்கொண்டு கிடப்பவருக்குக் கரண்டியால் உதட்டை நனைப்பதுதான் வழக்கம். ஏழுமலைக்கு எங்கே இழுத்தது? முந்தின நாள்தானே கும்பிட்டான்? பந்தலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"சினேகம்னா இதான்யா" என்று ஒருவர் கபாலியின் முதுகைத் தட்டுகிறார். நர்ஸ் சொன்னது அவருக்குத் தெரியாது. கபாலிக்குத் தெரியும். எனக்கும்.

14, வெள்ளி

தூக்கமில்லை. ஆபீசில் தொட்டதெல்லாம் தப்பு.

கொலையா? கேட்டவன் அவன். கேட்டால் கொடுத்துவிடலாமா? ஏழுமலையின் பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள். அவள் பரீட்சை எழுதுவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மறுநாளே மனசு மாறியிருந்தால்? வலி மாறியிருக்காது. அதுவும் தெரியும்.

கோவிந்தம்மாளிடம் சொல்வதா? அவளுக்கு மிச்சமிருக்கிற ஒரே நிம்மதி அந்தப் பால்தான். போலீசுக்கா? கபாலியையா? பாவி, என்னை இப்படி மாட்டிவிட்டான்.

கேஸ் இன்னும் புக் பண்ணவில்லை. வீட்டில் சண்டை.

15, சனி

மழை விட்டது. மாமல்லபுரம். கடற்கரை ஓரமாக கபாலி தன் டூரிஸ்ட் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். போன வேகத்தில் சட்டையைப் பிடித்தேன்.

"நர்ஸ் சொன்னது உன் காதுல வுழலையா?"

"வுழுந்துச்சு. அதான் ஊத்தினேன்."

"கொலைடா அது!"

"இன்னா வேணா சொல்லிக்கோ. மொத வாயிலயே பொரை ஏறிச்சு. பயந்துட்டேன், டம்ளர எடுத்துட்டேன். அவன் ரெண்டு கையால புட்ச்சி இஸ்துகினான் மச்சான். நானும் வுட்டுட்டேன்."

அப்புறம்தான் அழுதான். ஈர மணலில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி. "அந்த இருமலு காதுலயே கீது. வண்டி ஓட்டினா கூட கேக்குது."

அவன் செய்தது சரி என்று என் வாயால் சொல்ல முடியவில்லை. தப்பு என்று இன்னொரு தரம் சொல்லவும் முடியவில்லை. சட்டையை விட்டுவிட்டேன்.

மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தான். "எனக்கு அப்டி வந்தா நீ ஊத்துவியா?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"ஊத்துவேன்."

அவன் எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பஸ் ஏறினேன். டிக்கெட்டைக் கீழே போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன்.