ஒன்று வாங்கினாள் கவிஷா

ஜூலை 11, வெள்ளி

சின்னு, காலையிலிருந்து மழை. லிஃப்ட் மறுபடி கெட்டுவிட்டது. படி இறங்கி, பஸ்ஸை விட்டு, சாப்பாட்டுக் கடை வேலைக்குத் தாமதம். வெங்காயம் ஒரு மூட்டை உரித்தேன்.

நல்ல செய்தி. உன் மகளுக்குப் பள்ளியில் அரையாண்டு அறிக்கை கொடுத்தார்கள். தமிழ் 1. கணக்கு 1. மலாய் 2. நம் வீட்டில் இதுவரை யார் ஒன்று வாங்கியது? நான் ஆறாம் ஆண்டோடு நின்றவள். நீ... சரி, விடு. நீ கண்ணை மூடின பிறகு இன்றைக்குத்தான் வீட்டில் நெய் வாசம். கேசரி கிண்டினேன். மாரியம்மன் கோவிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை. மாடியில் எல்லா வீட்டுக்கும் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எதுக்கு பெரிம்மா கேசரி?"

"நீ ஒண்ணு வாங்குனல்ல, அதுக்கு."

முழித்தாள். அப்புறம் சிரித்தாள்.

ஜூலை 12, சனி

வெயில். துணியெல்லாம் காய்ந்தது. பக்கத்து வீட்டு மேரி அக்கா தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கூடவே மகள் ஜெனி. அந்தப் பெண் பாலர் பள்ளியில் டீச்சர். அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆன்ட்டி, இப்பல்லாம் வகுப்புல எத்தனாவதுன்னு நம்பர் போடுறதில்ல. அதெல்லாம் எடுத்துட்டாங்க. இது பிள்ளைக்கு எவ்ளோ வருதுன்னு காட்டுறது. ஆறுதான் மேல. ஒண்ணுதான் ஆகக் கீழ."

மேரி அக்கா விடுவாரா. "ஒண்ணுக்கே கேசரின்னா, ஆறு வாங்குனா கெண்டூரி விருந்து வச்சு ஆடு வெட்டிருவ போலிருக்கே லா!"

நானும் சேர்ந்துதான் சிரித்தேன். கதவைச் சாத்தின பிறகு சிரிப்பு இல்லை.

ஜூலை 14, திங்கள்

அரை நாள் லீவு. பள்ளிக்குப் போனேன். டீச்சர் சின்ன வயசு, மரியாதையான பெண்.

"அக்கா, கவிஷாவைக் குறைநீக்கல் வகுப்புல சேர்க்கணும். தினமும் கொஞ்ச நேரம், அஞ்சாறு பிள்ளைங்களோட. நீங்க சரின்னு சொல்லணும்."

"என் பிள்ளைக்கு என்ன குறை டீச்சர்?"

குரல் உயர்ந்துவிட்டது. வெளியே இரண்டு பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

உன் நினைப்புதான். இடைநிலைப் பள்ளியில் மார்க்கைப் பார்த்து வகுப்பு பிரித்தார்கள். உனக்குக் கடைசி வகுப்பு. வாத்தியாரே எட்டிப் பார்க்காத வகுப்பு என்பாய். யூனிஃபார்மோடு கடற்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு மத்தியானம் வருவாய். பிறகு ஒரேயடியாய் நின்றுவிட்டாய். அதே இடத்துக்கு இவளையும் நானே அனுப்பவா?

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. மீன் வாங்க மறந்தேன்.

கடையில் இதே பேச்சு. முதலாளி: "பரீட்சைய எடுத்துட்டா பிள்ளைங்க எப்படி படிக்கும்? எங்க காலத்துல ரோத்தான் பிரம்பால வெளுப்பாங்க."

தேத்தண்ணி கலக்கும் செல்வம் அண்ணன்: "அந்த வெளுப்பு வாங்கித்தான் முதலாளி நானும் தே ஆத்துறேன்."

கடையே சிரித்தது. எனக்கு மனசு கொஞ்சம் லேசானது.

கவிஷா அப்பா ஜோகூரிலிருந்து போன். லாரி சத்தம். "நீங்க பாத்துச் செய்ங்கக்கா."

ஜூலை 16, புதன்

டீச்சர் விடவில்லை. "ஒரு நாள் உக்கார வச்சுப் பாப்போம். நீங்களும் வாங்க" என்று போன் பண்ணினார். போனேன்.

சின்ன அறை. தரையில் பாய். தட்டில் அரிசி பரப்பி, விரலால் எழுத்து. டீச்சரும் கீழேயே உட்கார்ந்திருக்கிறார். நம் பிள்ளை மூன்று தரம் தப்பாய் எழுதினாள். யாரும் சிரிக்கவில்லை. நாலாவது தரம் சரி. பக்கத்துப் பையன்தான் கத்தினான்: "டீச்சர், எழுதிட்டா!"

வெளியே வந்து டீச்சர் சொன்னார்: "இத்தனை நாளா அடுத்தவங்களைப் பாத்து எழுதிட்டு இருந்தா, அக்கா. முந்தியெல்லாம் ஆறாம் ஆண்டு பரீட்சை வரைக்கும் இது யாருக்கும் தெரியாது. எழுத்து பிடிபட்டதும் இங்க வர வேண்டாம். வகுப்பு, கூட்டாளிங்க எல்லாம் அதேதான்."

சரி என்றேன். வரும் வழியில் சவ்வரிசிப் பாயசத்துக்குச் சாமான் வாங்கினேன். காரணம் ஒன்றுமில்லை. சாப்பிடணும்போல் இருந்தது.

ஜூலை 18, வெள்ளி

காற்று. ஜன்னல் கம்பியில் ஒரு மைனா. முருங்கைக்கீரை, நெத்திலி சம்பல்.

பள்ளி விட்டு வந்தவள் வாய் மூடவில்லை. "நான் திவேஷ் பக்கத்துல உக்காந்தேன் பெரிம்மா. அழிப்பான் கேட்டா தரமாட்டான். ஆனா அவனுக்கு ஞ வராது. நான்தான் சொல்லிக் குடுத்தேன்." இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கும் இன்றைக்கு நல்ல பசி.

கை கழுவும்போது கேட்டாள்: "அம்மா யாரு பக்கத்துல உக்காந்தாங்க?"

தெரியவில்லை. உன் பள்ளியைப் பற்றி நாம் பேசியதே இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவளும் தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அந்தக் கடைசி வகுப்பில் உன் பக்கத்தில் யாரடி உட்கார்ந்திருந்தது, சின்னு?